வேட்டை வில்லா, போட்டி வில்லா? காசு கொடுக்கும் முன் எய்து பாருங்கள்!

2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் காம்பவுண்ட் வில் முதன்முறையாக நுழைகிறது. கலப்பு அணிப் பிரிவு மட்டும்தான். 2023-ல் 17 வயதில் அதிதி சுவாமி உலக சாம்பியன் ஆனதும் இந்த வில்லில்தான். இதைப் பார்த்துவிட்டு விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ உங்கள் பிள்ளையும் ஒன்று கேட்டால், ஆன்லைனில் அவசரப்பட்டு ஆர்டர் போடாதீர்கள்.

தேடினால் வேட்டை வில்களும் கலந்தே வரும். 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி இங்கே வேட்டைக்குத் தடை. சரி, பயிற்சிக்காவது ஆகுமா? பல வேட்டை வில்களின் இழுவிசை 70 பவுண்டு. போட்டியில் 60-க்கு மேல் அனுமதி இல்லை. புதரில் சிக்காதபடி குட்டையாகவும் செய்திருப்பார்கள். போட்டி வில் நீளமானது, குறி அவ்வளவாக ஆடாது.

விளம்பரத்தில் மின்னும் வேகக் கணக்கை நம்ப வேண்டாம். அது பெரும்பாலும் 70 பவுண்டு, 30 அங்குல இழுப்பில் அளந்தது. பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு அந்த வேகம் எங்கே வரும்?

பயிற்சியாளரை வைத்துக்கொண்டு இரண்டு வில்லையாவது மாற்றி மாற்றி இழுக்கச் சொல்லுங்கள். முழுதாக இழுத்ததும் முனைச் சக்கரங்கள் சுமையைக் குறைத்துவிடும். 80 சதவிகிதம் குறைக்கும் வில்லில் 50 பவுண்டு, கையில் வெறும் 10 பவுண்டாக நிற்கும். அங்கிருந்து எய்யாமல் மெதுவாகத் திரும்ப இறக்க முடிகிறதா? திணறினால் அந்த எடை இப்போது வேண்டாம்.

இரு கைகளையும் விரித்து அளந்து, 2.5-ஆல் வகுத்தால் இழுப்பு நீளம் தோராயமாக வரும். ஒன்று மட்டும் கண்டிப்பு: அம்பு மாட்டாமல் நாணை விடவே கூடாது. வில் உடைந்து முகத்தில் தெறிக்கலாம்.