பாட்டிக்கு ஒரு தபால் போட முடியாதா?

அமெரிக்க ஐக்கிய நாட்டில் பெற்றோர் குழந்தையை அடித்துத் துன்புறுத்தினாலும், பட்டினி போட்டாலும், குழந்தைப் பாதுகாப்பு இலாகாவினர் வந்து குழந்தையை எடுத்துக்கொண்டு போகலாம். இதை நாம் குறை கூறவில்லை. குழந்தை என்பது பெற்றவர்களின் ஆடுமாடு போன்ற சொத்தல்ல. ஆனால், எடுத்துச் சென்ற சங்கதியைக் குழந்தையின் பாட்டிக்கும், அத்தைக்கும், சிற்றப்பனுக்கும் தெரிவிக்க வேண்டாமா என்று கேட்கின்றோம்.

தெரிவித்தே தீர வேண்டுமென்று 2008-ம் வருஷத்துச் சட்டம் சொல்லுகின்றது. இதற்காக மத்திய சர்க்காரின் பணத்தை வாங்கும் மாகாணங்கள், குழந்தையை எடுத்த 30 நாளைக்குள் பாட்டன் பாட்டி முதலிய வயதுவந்த உறவினர்களைச் சிரத்தையோடு தேடி அறிவிக்க வேண்டும். குழந்தையை ஏற்று வளர்க்க வழி என்ன, அதற்கு என்ன நிபந்தனை, பதில் சொல்லாவிட்டால் எந்த வாய்ப்பு கைவிட்டுப் போகும் என்பவற்றையும் எழுத வேண்டும். குடும்பத்தில் அடிதடிக் கொடுமை இருந்தால் மாத்திரம் விலக்கு உண்டு. இது நியாயமே.

சட்டம் சரி. ஆனால் சிரத்தை என்பது என்ன? தாயை ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, "உறவினர் ஒருவரும் இல்லை" என்று எழுதி மூடிவிட்டால் அது சிரத்தையாகுமா? தகப்பன் வழியை விசாரிக்க வேண்டாமா? பேசத் தெரிந்த குழந்தையையே கேட்டால் என்ன? வக்கீல் பாஷையில் எழுதிய காகிதம் படிப்பு வாசனையற்ற கிழவிக்கு என்ன விளங்கும்? உத்தியோகஸ்தருக்கு 30 நாள் என்பது ஒரு மாதச் சம்பளம். அந்நியர் வீட்டில் படுத்திருக்கும் இரண்டு வயதுக் குழந்தைக்கோ அது முப்பது இராத்திரி!

"கெட்ட மகனை வளர்த்தவள்தானே அந்தப் பாட்டி?" என்று சிலர் கேட்பார்கள். இது பிறப்பைக்கொண்டு குணத்தை முடிவுகட்டும் பழைய புரட்டேயாகும். இரத்த சம்பந்தம் தெய்வீகமானது என்றும் நாம் சொல்ல வரவில்லை. பாட்டியின் வீட்டையும் சோதித்துப் பார்க்கட்டும், தகுதியில்லையென்றால் மறுக்கட்டும். சொல்லாமலே மறுப்பதுதான் அக்கிரமம்.

சொல்லாமல் செய்ததன் பலனை அந்நாட்டுப் பூர்வகுடிகள் அனுபவித்தார்கள். அவர்களுடைய குழந்தைகளில் நூற்றுக்கு 25 முதல் 35 வரை குடும்பத்தைவிட்டுப் பிரிக்கப்பட்டிருந்ததாக அந்நாட்டுப் பார்லிமெண்டு முன் கணக்கு வைக்கப்பட்டது. அதன்மேல்தான் 1978-ல் தனிச்சட்டம் பிறந்தது. பெற்றோருக்கும் குலச் சபைக்கும் ரிஜிஸ்தர் தபால் அனுப்பி, அது சேர்ந்து 10 நாள் கழியாமல் குழந்தையைப் பிரித்து வைக்கும் விசாரணை நடத்தக் கூடாதென்று அது விதித்தது. அதைத் தள்ளும்படி கேட்டவர்களுக்கு 2023-ல் சுப்ரீம் கோர்ட்டு இணங்கவில்லை.

தபாலோடு மாத்திரம் காரியம் முடிந்துவிடாது. அந்நியர் வளர்த்தால் பணம், அக்காள் வளர்த்தால் பணமில்லை என்று இலினாய் மாகாணம் செய்த ஓரவஞ்சனையை 1979-லேயே அதே கோர்ட்டு செல்லாதென்றது. ஏழைப் பாட்டியிடம் பிள்ளையைக் கொடுத்துவிட்டு அரிசிக்கு வழி சொல்லாமல் போவது உதவியாகுமா?

ஆகவே, வீடு புகுந்து குழந்தையைத் தூக்கிவர ஓர் இலாகாவுக்கு அதிகாரம் இருக்குமானால், அன்று மாலையே பாட்டியின் கதவைத் தட்டிச் சொல்லும் கடமையும் அதற்கு இருக்க வேண்டும். குழந்தையின் நன்மைக்காக எடுத்தவர்கள், குழந்தையை அறிந்தவர்களுக்கு அதை ஒளிப்பானேன்?