காருக்கு ஒரு நியாயம், லாரிக்கு ஒரு நியாயமா?

ஐம்பது வயது தாண்டிய மோட்டார் வாகனங்களைப் புராதன வாகனங்கள் என்று பதிவு செய்துகொள்ளலாம் என 2021-ம் வருஷம் ஜூலை மாதத்தில் மத்திய சர்க்கார் விதி வகுத்தது. புதிய பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டணம், 'வி.ஏ.' என்ற எழுத்துக்களைத் தாங்கிய தனி இலக்கம். 10 வருஷ காலத்துக்குச் செல்லுபடி. வியாபார நோக்கத்துடன் ஓட்டக்கூடாது என்ற நிபந்தனை. விதி நல்ல விதிதான். அதைக் குறைகூற நாம் வரவில்லை. ஆனால் அதன் வாசகத்தைச் சற்று ஊன்றிப் படிப்பவர்களுக்கு ஒரு விஷயம் விளங்கும். எல்.1, எல்.2 என்ற பிரிவுகளைச் சேர்ந்த இரு சக்கர வாகனங்களும், எம்.1 என்ற பிரிவைச் சேர்ந்த கார்களும், அவையும் சொந்த உபயோகத்துக்கானவை மட்டுமே, அந்தச் சலுகைக்கு உரியவை. சரக்கு வாகனத்துக்கு, அதாவது லாரிக்கு, அதில் இடமில்லை. பஸ்ஸுக்கும் இல்லை.

இதன் பொருள் என்ன? ஒரு சமஸ்தானாதிபதி சீமையிலிருந்து தருவித்து, வேட்டைக்கும் உலாவுக்கும் உபயோகித்த கார் தேசத்தின் புராதனச் சொத்து. அயல்நாட்டிலிருந்து இறக்குமதியான கார்களும் இந்த விதிக்குள் அடங்கும் என்று அதிலேயே தெளிவாக எழுதியிருக்கிறது. எண்ணூரிலும் ஜாம்ஷெட்பூரிலும் நம் தொழிலாளிகள் கைப்பட உருவாக்கி, நாற்பது வருஷம் நெல்லும் சிமெண்டும் சுமந்த லாரியோ பழைய இரும்பு. நிறுத்து விற்க வேண்டிய சரக்கு! சுதந்திர இந்தியாவில் வகுத்த விதி இப்படியா இருப்பது?

லாரிக்குக்கூடச் சரித்திரம் உண்டா என்று சிலர் புன்னகை செய்யக்கூடும். அவர்கள் கொஞ்சம் பொறுமையுடன் கேட்கட்டும்.

இந்த நாட்டில் மோட்டார்த் தொழில் இந்தியர் கைக்கு வந்தது சுலபமாக அல்ல. 1920-களில் போர்டு கம்பெனியும், 1928-ல் பம்பாயில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியும் நமது துறைமுகங்களில் கடை விரித்தன. பெட்டி பெட்டியாக வந்திறங்கிய பாகங்களைத் திறந்து பூட்டி முடுக்குவதுதான் இந்தியத் தொழிலாளிக்கு விடப்பட்ட வேலை. ஒரு பிஸ்டனை வார்க்கவோ ஒரு கியரை வெட்டவோ அவனுக்கு யாரும் கற்றுக் கொடுக்கவில்லை. கற்றுக் கொடுக்கும் உத்தேசமும் இல்லை. 1930-களின் மத்தியில் ஸர் எம். விசுவேசுவரய்யா மேல்நாடுகளில் சுற்றிப் பார்த்து, இங்கேயே மோட்டார் செய்யத் திட்டம் தயாரித்தார். சேட் வால்சந்த் ஹீராசந்த் அதைக் கையிலெடுத்து அமெரிக்காவின் கிரைஸ்லர் கம்பெனியோடு உடன்படிக்கை செய்துகொண்டார். மைசூர் சமஸ்தானத்தின் துணையோடு பெங்களூரில் தொழிற்சாலை அமைப்பது என்ற யோசனையும் இருந்தது. அன்றைய பிரிட்டிஷ் சர்க்கார் என்ன செய்தது? யுத்தத்துக்கு அது அவசியமில்லை என்று கைவிரித்துவிட்டது. உலக யுத்தம் முழுவதும் லாரிச் சக்கரங்களின் மீது நடந்துகொண்டிருந்த சமயத்தில் சொன்ன பதில் இது! பெட்ரோல் கிடைக்காமல் நம் பஸ்காரர்கள் வண்டியின் பின்னால் கரி அடுப்பைப் பூட்டிக்கொண்டு புகையோடு போராடியதும் அந்த நாட்களில்தான். வால்சந்த் சளைக்கவில்லை. 1944-ல் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் ஏற்பட்டது. கல்கத்தாப் பக்கத்தில் பிர்லாக்களின் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் வளர்ந்தது.

நம் ஊரைப் பார்ப்போம். 1948 செப்டம்பரில் ரகுநந்தன் சரண் என்பவர் அசோக் மோட்டார்ஸ் என்ற கம்பெனியை ஸ்தாபித்தார். அசோக் என்பது அவருடைய புதல்வரின் பெயர். எண்ணூரில் முதலில் பூட்டியது ஆஸ்டின் கார். நாட்டுக்குத் தேவை காரல்ல, கனத்த வண்டி என்பது சீக்கிரமே புலப்பட்டது. 1950-ல் இங்கிலாந்தின் லேலண்டு கம்பெனியோடு உடன்படிக்கை ஏற்பட்டது. மறு வருஷமே காமெட் வண்டிகள் எண்ணூரிலிருந்து புறப்பட்டன. வெறும் பூட்டுவேலையாக அது நின்றுவிடவில்லை. வருஷத்துக்கு வருஷம் இங்கேயே செய்யும் பாகங்களைக் கூட்டிக்கொண்டு போகவேண்டும் என்பது அந்த உடன்படிக்கையின் உயிர்நாடி. 1955-ல் அசோக் லேலண்டு என்ற பெயர் வந்தது. காமெட், பீவர், ஹிப்போ என்று வால்நட்சத்திரத்தில் தொடங்கி நீர்யானையில் வந்து முடியும் அந்தப் பெயர் வரிசையைக் கேட்டுச் சிரிக்காதவர் இல்லை. ஆனால் அந்த நீர்யானை சுமந்த பாரத்தைக் கண்டவர்கள் சிரிக்கமாட்டார்கள்.

ஜாம்ஷெட்பூரின் கதை வேறு தினுசு. ரெயில் என்ஜின் செய்வதற்காக 1945-ல் டாட்டாக்கள் ஏற்படுத்திய டெல்கோ, 1954-ல் ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸோடு 15 வருஷ உடன்படிக்கை செய்துகொண்டு, அதே வருஷத்தில் முதல் லாரியை வெளியில் விட்டது. உலகின் முதல் மோட்டார் லாரியை 1896-ல் செய்தவர் காட்லீப் டைம்லர். அதன் பலம் நாலு குதிரைச் சக்தி, பாரம் ஒன்றரை டன். அவருடைய பரம்பரையிலிருந்துதான் நாம் பாடம் கேட்டோம். பாடம் முடிந்ததும் குருவுக்கு நமஸ்காரம் சொல்லிவிட்டோம். 1969-ல் உடன்படிக்கை காலாவதியானபோது வண்டியின் முகப்பிலிருந்து மூன்று முனை நட்சத்திரம் இறங்கி டாட்டாவின் எழுத்து ஏறியது. லாரி ஓடிக்கொண்டேயிருந்தது. அந்தச் சின்ன மாற்றம் எவ்வளவு பெரிய வெற்றி என்பதை நம் பள்ளிக்கூடப் புஸ்தகங்களில் எங்காவது படித்ததுண்டா? இதற்கிடையே 1953-ல் டாரிப் கமிஷன், உற்பத்தித் திட்டம் இல்லாமல் வெறுமனே பூட்டி விற்கும் கம்பெனிகளுக்கு இங்கு இடம் கூடாது என்று சிபார்சு செய்தது. ஜெனரல் மோட்டார்ஸ் மறு வருஷம் மூட்டை கட்டியது. ஜபல்பூரிலோ, 1959 முதல் ஜெர்மன் 'மான்' கம்பெனியின் அனுமதியோடு 'சக்திமான்' லாரிகள் பிறந்தன. 1965-லும் 1971-லும் நம் ஜவான்களை யுத்தமுனைக்குச் சுமந்து சென்றவை அவை.

தொழிற்சாலையோடு முடிகிற விஷயமா இது? எண்ணூரிலிருந்து வெளியேறியது லாரியல்ல, வெறும் சேஸிஸ். மேலே கூரை கிடையாது. முன்னே கண்ணாடி கிடையாது. ஒரு பலகையின் மேல் உட்கார்ந்து, முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு, வெயிலிலும் மழையிலும் டிரைவர் அதை நூற்றுக்கணக்கான மைல் ஓட்டிச் செல்வார். அதற்குக் கூண்டும் பெட்டியும் கட்டியவர்கள் நாமக்கல் போன்ற ஊர்களின் தச்சர்களும் கொல்லர்களும். பெயர் எழுதிப் பூப்போட்டவர் அந்த ஊர்ப் பெயிண்டர். மலைப்பாதையில் வண்டி நின்றால் கட்டையைத் தூக்கிக்கொண்டு குதித்துப் பின்சக்கரத்துக்கு அண்டை கொடுத்தவன் கிளீனர். டபுள் கிளச் மிதித்து, தோள்பலத்தால் ஸ்டியரிங்கைத் திருப்பிய அந்தத் தலைமுறையின் வித்தையை இன்றைய டிரைவர்களுக்குக் காட்ட ஒரு வண்டியாவது வேண்டாமா?

நமக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் தங்கள் பழைய லாரிகளை என்ன செய்கிறார்கள்? லேலண்டு என்பது லங்காஷயரில் ஒரு சிறு ஊர். 1896-ல் அங்கே நீராவி வண்டி செய்யத் தொடங்கிய பட்டறைதான் பிறகு லேலண்டு கம்பெனி ஆயிற்று. அந்தக் கம்பெனியின் பழைய கட்டடத்திலேயே 1983 முதல் லாரிகளுக்கும் பஸ்களுக்குமான காட்சிசாலை நடக்கிறது. 1962 முதல் லண்டனிலிருந்து பிரைட்டன் கடற்கரை வரை பழைய லாரிகளின் ஊர்வலம் வருஷந்தோறும் நடத்துகிறார்கள். ஜனங்கள் சாலையோரத்தில் நின்று கையசைக்கிறார்கள். லேலண்டு கம்பெனியே பின்னால் சிதறி, அதன் லாரிப் பகுதி 1998-ல் அமெரிக்கர் கைக்குப் போய்விட்டது. அப்படியும் அவர்கள் சரித்திரத்தைக் கைவிடவில்லை. நமது கம்பெனியோ செழிப்பாக இருக்கிறது. சரித்திரம்தான் காயலான் கடையில் கிடக்கிறது.

ஆட்சேபங்கள் இல்லாமல் இல்லை. பழைய லாரி புகை கக்கும், பிரேக் பிடிக்காது, சலுகையைச் சாக்கிட்டு மணல் ஏற்றுவார்கள் என்பார்கள். கடைசியில் சொன்னதை நாம் அலட்சியம் செய்யமாட்டோம். நம்மவர்களின் சாமர்த்தியம் நமக்குத் தெரியாததல்ல. ஆனால் வியாபாரத்துக்கு ஓட்டக்கூடாது என்ற நிபந்தனை இப்போதுள்ள விதியிலேயே இருக்கிறது. லாரிக்கு அதோடு 'பாரம் ஏற்றக்கூடாது' என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் எந்தச் சாவடியிலும் கண்ணால் பார்த்தே பிடித்துவிடலாம். காட்சிக்கும் ஊர்வலத்துக்கும் வருஷத்தில் சில நாள் வெளியே வரும் வண்டியின் புகையால் ஆகாயம் கெட்டுவிடாது.

இன்னொரு சிக்கல் உண்டு, அதுதான் உண்மையானது. வாகனம் ஆதி உருவம் மாறாமல் இருக்கவேண்டும் என்கிறது விதி. காருக்கு அது பொருந்தும். லாரியின் கூண்டும் பெட்டியும் தொழிற்சாலையில் பிறந்தவையே அல்ல. மரம் உளுத்துப்போனால் மாற்றியிருப்பார்கள். மூன்று முறைகூடக் கட்டியிருப்பார்கள். ஆகையால் சேஸிஸ், என்ஜின், அச்சு ஆகியவை அந்தக் காலத்து அந்த மாடலுக்கு உரியவையா என்று மட்டும் பார்த்து, மேற்கட்டு அக்காலத்து நாட்டு முறையில் இருந்தால் போதும் என்று விதியைத் திருத்தவேண்டும். இதற்குப் புதிய சட்டம் வேண்டாம். எம்.1 என்ற இடத்தில் சரக்கு வாகனங்களைக் குறிக்கும் 'என்' பிரிவையும், பஸ்களுக்குரிய பிரிவுகளையும் சேர்த்தால் முக்கால் பங்கு வேலை தீர்ந்தது.

சர்க்கார் வண்டிகளின் நிலைமை இதைவிட மோசம். 15 வருஷம் கடந்த சர்க்கார் வாகனங்களுக்கு, ராணுவம் போன்ற சில நீங்கலாக, 2023 ஏப்ரல் முதல் பதிவு கிடையாது. போக்குவரத்துக் கழகங்களுக்கும் இதே கதி. ஓட்டுவதற்கு லாயக்கில்லாததைக் கழிப்பது சரியே. ஆனால் பதினைந்தில் உடைத்துவிட்டால் ஐம்பதை எட்டுவது எப்படி? ஒவ்வொரு மாடலிலும் ஒன்றே ஒன்றையாவது ஏலத்துக்கு முன் பொறுக்கி எடுத்துவைக்கச் சர்க்கார் உத்தரவு போடக்கூடாதா? பெரம்பூரில் ரெயிலுக்குக் காட்சிசாலை இருக்கிறது. கோயமுத்தூரில் கார்களுக்கு இருக்கிறது. லாரி பிறந்த எண்ணூர்ப் பக்கத்தில் ஒரு கொட்டகை போடுவது அசாத்தியமான காரியமல்ல.

தொழிற்சங்கங்களில் உழைக்கும் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. 1954-ல் இருபது வயதில் அந்தப் பட்டறைகளில் நுழைந்த தொழிலாளிக்கு இன்று தொண்ணூறைத் தாண்டிவிட்டது. முதல் என்ஜினை இங்கே வார்த்தபோது எத்தனை வார்ப்பு வீணாயிற்று, வெள்ளைக்காரப் போர்மேன் என்ன சொன்னான், முதல் வண்டி கதவைத் தாண்டியபோது யார் அழுதார்கள் என்பதெல்லாம் கம்பெனி அறிக்கைகளில் இராது. அவர்கள் நெஞ்சில் இருக்கிறது. விதியைத் திருத்த டில்லியில் வருஷக்கணக்காகலாம். ஒரு நோட்டுப் புஸ்தகத்தோடு அந்த வீடுகளுக்குப் போய் உட்காருவதற்கு யாருடைய உத்தரவும் வேண்டியதில்லை; இந்த ஞாயிற்றுக்கிழமையே போகலாம்.