வால் எலும்பில் ஒரு மயிர்க்கூடு

கிராஞ்சியில் லாரி ஓட்டும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். பெயர் போட வேண்டாமாம். வால் எலும்புக்கு மேலே, பிட்டப் பிளவில் கட்டி. இரண்டு முறை கீறிச் சீழ் எடுத்தாகிவிட்டது. இப்போது மூன்று துளைகள். "இது மூலமா, பவுத்திரமா? ஆபரேஷன் என்றால் வேலை போய்விடுமா?" என்று கேட்கிறார்.

அன்பரே, நேரில் பார்க்காமல் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் எழுதியதைப் பார்த்தால் இரண்டும் இல்லை. உதிர்ந்த முடி தோலைத் துளைத்து உள்ளே போய்க் கூடு கட்டிக்கொள்ளும் 'பைலோனைடல் சைனஸ்' என்றே தோன்றுகிறது. உங்கள் வட்டாரத்துப் போர்வீரர் கல்லறைத் தோட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். அந்த இரண்டாம் உலக யுத்த காலத்தில், ஏறத்தாழ 80,000 அமெரிக்க வீரர்கள் இதற்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். 1944-ல் லூயி பூயி என்ற டாக்டர் இதை 'ஜீப் நோய்' என்றே அழைத்தார். நீங்கள் வெட்கப்பட என்ன இருக்கிறது?

இனி மாத்திரை மட்டும் போதாது. ஆபரேஷனில் வெட்டுவதைவிட மூடுவதுதான் சங்கதி. புண்ணைத் திறந்தே விட்டால் ஆற வாரங்கள், சில சமயம் மாதங்கள் ஆகும். தினமும் கட்டு மாற்ற வேண்டும். பிளவின் நடுவிலேயே நேராகத் தைத்தால், வியர்வையும் உராய்வும் சேர்ந்து தையல் விட்டுப்போகலாம், நோயும் திரும்பலாம். கிரேக்க ராணுவ டாக்டர் காரிடாக்கிஸ் 1973-ல் தையலை நடுக்கோட்டிலிருந்து ஒரு பக்கமாகத் தள்ளிவைக்கும் முறையை எழுதினார். அவர் கணக்கில் நோய் திரும்பியது நூற்றுக்கு ஒருவர் அளவில்தான். உங்களைப் போல் பல துளை உள்ளவர்களுக்குப் பக்கத்துச் சதையைத் திருப்பிவைத்து மூடும் 'லிம்பெர்க்' முறையும் உண்டு. "தையல் நடுவிலா, பக்கத்திலா?" என்று சர்ஜனிடம் தாராளமாகக் கேளுங்கள்.

பிறகு டாக்டர் சொல்லும்வரை நீண்ட நேரம் உட்காரவோ, பாரம் தூக்கவோ கூடாது. சிகரெட் இருந்தால் நிறுத்துங்கள். அது புண் ஆறுவதைக் கெடுக்கும். அந்த இடத்து முடியை எப்போது, எப்படி அகற்றுவது என்றும் கேட்டு வையுங்கள். கண்ணுக்கு எட்டாத இடம், அறைத் தோழர் ஒருவரிடம் சொல்லித்தான் ஆகவேண்டும்.

வேலையைப் பற்றி: சிங்கப்பூர் வேலைவாய்ப்புச் சட்டத்தின் கீழ் வருபவர் ஆறு மாதம் பணி செய்திருந்தால், சாதாரண மருத்துவ விடுப்பு 14 நாளையும் சேர்த்து, ஆண்டுக்கு 60 நாள் வரை சம்பளத்தோடு ஆஸ்பத்திரி விடுப்பு உண்டு. எம்.சி.யைக் கையோடு வாங்கி, முதலாளிக்கு உடனே தெரியப்படுத்துங்கள்.