ஹராம் என்று சொன்னால் மட்டும் போதுமா?



ஓசூரிலிருந்து பெங்களூரு ஏறத்தாழ 40 கிலோமீட்டர்தான். சிப்காட் ஆலைகளில் வேலை தேடிய தலைமுறைக்குப் பின், கணினியில் வடிவமைப்புப் பழகிய பிள்ளைகள் கிருஷ்ணகிரி மாவட்ட முஸ்லிம் குடும்பங்களிலும் உருவாகிவிட்டார்கள். அவர்களைத் தேடி வரும் பணிகளில் ஒன்று, பாப் பாடகர்களின் ஆல்பங்களுக்கு முகப்புப் படம் அமைப்பது. 3,000 பிக்சல் சதுரம், வீட்டிலிருந்தே செய்யலாம், கூலி கைப்பேசிக்கே வந்துவிடும்.

இதைக் கேள்விப்பட்டதும் நம்மவர்கள் இரண்டு பதில்களில் ஒன்றைச் சொல்லி முடித்துக்கொள்கிறார்கள். "படம்தானே, பாட்டா பாடுகிறான்?" என்பது ஒன்று. "ஹராம், விட்டுவிடு" என்பது மற்றொன்று. இரண்டுமே பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் பதில்கள் என்கிறோம்.

அமெரிக்காவில் கொலம்பியா நிறுவனத்துக்காக அலெக்ஸ் ஸ்டைன்வைஸ் 1940 வாக்கில் படம் வரையத் தொடங்கும்வரை இசைத்தட்டு உறைகள் பெரும்பாலும் வெறுமையாகவே இருந்தன. படம் வந்தபின் விற்பனை பெருகியது. ஆகவே முகப்புப் படம் வெறும் படமன்று; அழைப்பு. மதுவையும் ஆபாசத்தையும் நோக்கி அழைக்கும் பாடலுக்கு வாசலை அலங்கரிப்பவர், உள்ளே நடப்பதற்கும் தமக்கும் தொடர்பில்லை என்று கூற இயலாது. பாவத்தில் ஒத்துழைப்பதை அல்லாஹ் அல்மாயிதா அத்தியாயத்தின் 2ஆம் வசனத்தில் தடுத்திருக்கிறான். அத்தகைய பணியை, கூலி எவ்வளவாயினும், மறுத்தே ஆக வேண்டும்.

ஆனால் மறுக்கச் சொல்பவர்களின் கடமை அத்துடன் முடிந்துவிடுமா? உருவம் சமைப்பதே தம் பிழைப்பு என்று ஒருவர் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் வந்தார். அது பற்றிய நபி (ஸல்) அவர்களின் எச்சரிக்கையை எடுத்துரைத்தபோது வந்தவரின் முகம் வெளிறியது. இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அவரை அப்படியே அனுப்பிவிடவில்லை. மரத்தையும் உயிரற்றவற்றையும் வரையுமாறு வழிகாட்டினார்கள் (புகாரி). ஒரு கதவை அடைத்த இடத்திலேயே மறு கதவைத் திறந்தார்கள். நாம் திறந்த கதவு எது?

மதரஸா ஆண்டு விழா அழைப்பிதழ், பயான் காணொளியின் முகப்பு, ரமளான் நேர அட்டவணை யாவற்றுக்கும் இதே பிள்ளைகளைத்தான் அழைக்கிறோம். பந்தல்காரருக்குப் பணம், ஒலிபெருக்கிக்காரருக்குப் பணம், அச்சகத்துக்குப் பணம். இரவெல்லாம் விழித்து வடிவமைத்தவருக்கு மட்டும் "நன்மை கிடைக்கும் தம்பி!" வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்ன மார்க்கம் இது என்பதை நாமே மறந்துவிட்டு, அவருக்கு மார்க்கம் போதிக்கிறோம்.

யூசுஃப் இஸ்லாமைப் பாருங்கள் என்பார்கள். கேட் ஸ்டீவன்ஸாக இருந்தபோது, 1970இல் வெளியான தம் ஆல்பத்தின் முகப்பைத் தாமே வரைந்தவர். 1977இல் இஸ்லாத்தை ஏற்று, பாப் உலகைத் துறந்தார். உயர்ந்த முன்மாதிரிதான். ஆனால் அவர் துறந்தது புகழும் பொருளும் ஈட்டிய பிறகு. வீட்டு வாடகைக்கே உழைக்கும் ஓசூர்ப் பிள்ளையிடம் அதே துறவைக் கேட்குமுன், அவர் கையில் நாம் எதைக் கொடுத்தோம் என்று எண்ண வேண்டாமா?

ஒவ்வொரு ஜமாஅத்தும் தன் ஆண்டுக் கணக்கில் வடிவமைப்புக் கூலிக்கென ஒரு தொகை ஒதுக்கட்டும். நிக்காஹ் பத்திரிகைக்கும் வணிகப் பலகைக்கும் நம் பிள்ளைகளை நியாயமான கூலிக்கு அமர்த்துவோம். தீமையற்ற பாடலுக்கு எழுத்தாலோ இயற்கைக் காட்சியாலோ முகப்பு அமைக்கலாமா என்ற ஐயத்தை, இசை குறித்த கருத்து வேறுபாடுகளை அறிந்த ஆலிமிடம் கொண்டு செல்வோம். தேநீர்க் கடையில் ஃபத்வா வழங்க வேண்டாம்.

ஹலாலான வழியை எளிதாக்காத சமுதாயத்துக்கு, ஹராமைக் கண்டிக்கும் குரல் மட்டும் உரத்திருப்பது அழகன்று. நம் பிள்ளைகளின் கைகளில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. அவர்களுக்குத் துணை நிற்கும் மனத்தை நமக்கும் தருவானாக. ஆமீன்.