ஜிம் மாஸ்டருக்கு யார் பரீட்சை வைப்பது? காசிமேட்டிலிருந்து ஒரு கேள்வி

காசிமேட்டில் ஆட்டோ ஓட்டணும்னா லைசென்ஸ் வேண்டும். கடலுக்குப் போகிற விசைப்படகுக்குப் பதிவு வேண்டும். ஆனா உங்க தோளில் 60 கிலோ பார்பெல்லை ஏற்றிவிட்டு, "இன்னும் ரெண்டு போடு தம்பி" என்று சொல்கிறவருக்கு? ஜிம் பயிற்சியாளருக்கு இந்தத் தகுதி கட்டாயம் என்று சொல்லும் தேசிய அளவிலான சட்டம் எதுவும் நம் நாட்டில் இல்லை.

2025-ல் காசிமேட்டைச் சேர்ந்த ஜிம் பயிற்சியாளர் ஒருவர் உயிரிழந்தார். ஸ்டீராய்டு ஊசி பயன்படுத்தி வந்ததாகவும், சிறுநீரகம் பாதிக்கப்பட்டதாகவும் செய்திகள் வெளியாயின. பேச்சு முழுக்க ஸ்டீராய்டு பற்றியே போனது. அது நியாயம்தான், டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கவே கூடாத மருந்து அது. ஆனா இன்னொரு விஷயம் கவனிக்கப்படாமலே போய்விட்டது. ஜிம்முக்கு வருகிற பையன்கள் "ஊசி போடலாமா மாஸ்டர்?" என்று முதலில் கேட்பது பயிற்சியாளரிடம்தான். அந்த இடத்தில் நிற்பவருக்கே யாரும் முறையாகச் சொல்லிக்கொடுக்கவில்லை என்றால், மற்றவர்களை யார் தடுப்பது?

சர்டிஃபிகேட் இருந்தா போதுமா?

சர்டிஃபிகேட்டே இல்லை என்றும் சொல்ல முடியாது. மத்திய அரசின் திறன் மேம்பாட்டு அமைப்பின் கீழ் விளையாட்டு, உடற்கல்வி, உடற்தகுதிக்கென்று ஒரு திறன் கவுன்சில் இயங்குகிறது. ஃபிட்னஸ் டிரெய்னர் வேலைக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும், என்ன செய்துகாட்ட வேண்டும் என்று அது எழுதியே வைத்திருக்கிறது. அமெரிக்காவின் ஏஸ், நாஸ்ம் போன்ற அமைப்புகளின் சான்றிதழ்களை வாங்கியவர்களும் சென்னையில் உண்டு. அவற்றில் ஒரு நல்ல நிபந்தனை இருக்கிறது: சி.பி.ஆர். பயிற்சி கட்டாயம், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை சான்றிதழைப் புதுப்பிக்கவும் வேண்டும்.

இன்னொரு பக்கம், வீட்டில் உட்கார்ந்து வீடியோ பார்த்து, நாலு விடையில் ஒன்றை டிக் அடித்து வாங்கும் சர்டிஃபிகேட்டுகளும் இருக்கின்றன. சுவரில் ஃபிரேம் போட்டு மாட்டினால் எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியும். தொடை எலும்பின் பெயர் தெரிந்தவருக்கு, எதிரில் ஸ்குவாட் போடுகிறவரின் முட்டி உள்பக்கம் சாய்வது கண்ணில் படும் என்று என்ன நிச்சயம்? அதை ஆளை வைத்துத்தான் பார்க்க முடியும்.

காசிமேட்டுக்கு ஒரு பரீட்சை வைத்துப் பார்ப்போம். மீன்பிடித் தடைக்காலம். 42 வயதுக்காரர் ஒருவர் ஜிம்முக்குள் வருகிறார். வருஷக்கணக்காக வலை இழுத்த தோள், இடுப்பில் பழைய வலி, பி.பி. மாத்திரை வேறு. "ரெண்டு மாசத்துல தொப்பையைக் குறைக்கணும் மாஸ்டர்" என்கிறார். நல்ல பயிற்சியாளர் உடனே டிரெட்மில்லைக் காட்ட மாட்டார். முதலில் கேள்வி கேட்பார். கனடாவில் உருவாகி உலகம் முழுக்கப் புழங்கும் ஏழு கேள்விப் படிவம் ஒன்று உண்டு: இதயக் கோளாறு இருக்கிறதா, நெஞ்சு வலி வந்ததுண்டா, தலை சுற்றுமா, மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று போகும். ஒன்றுக்கு 'ஆமாம்' என்றாலும், "டாக்டரைப் பாத்துட்டு வாங்கண்ணே" என்று சொல்லும் தைரியம் வேண்டும். ஒருநாள் ஃபீஸ் போனாலும் பரவாயில்லை.

முதல் வாரமே வெறித்தனமாகச் செய்துவிட்டு, சிறுநீர் கோலா நிறத்தில் போகிறது என்று ஒரு பையன் சொன்னால்? சிதைந்த தசையின் கழிவு சிறுநீரகத்தைத் தாக்குவதன் அறிகுறியாக இருக்கலாம், உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். "நிறைய தண்ணி குடி, சரியாயிடும்" என்று சொல்கிற மாஸ்டரை அந்த இடத்திலேயே ஃபெயில் ஆக்கலாம். யாராவது மயங்கி விழுந்து, மூச்சில்லாமல் கிடந்தால், 108-க்கு போன் போட ஒருவரை விரட்டிவிட்டு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை நெஞ்சை அழுத்தத் தெரிய வேண்டும். இதை எழுத்துத் தேர்வில் பார்க்க முடியாது, பொம்மையை வைத்துச் செய்துகாட்டச் சொல்லணும். மதிப்பெண் போடுகிறவர் அவருக்குப் பாடம் எடுத்தவராகவும் இருக்கக் கூடாது.

அப்போ பழைய மாஸ்டர்கள்?

ராயபுரம், காசிமேடு பக்கம் பாக்ஸிங்கும் பளு தூக்குவதும் நேற்று வந்தவை இல்லை. ஒரு மாஸ்டரிடம் இருந்து இன்னொரு மாஸ்டர் என்று கைமாறி வந்த வித்தை. தண்டாலும் பஸ்கியும் பிசகாமல் சொல்லிக்கொடுக்கும் பலரிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இருக்காது. நாளைக்கே சான்றிதழ் கட்டாயம் என்று அறிவித்தால் முதலில் வேலை போவது இவர்களுக்கு. ஆங்கிலம் தெரிந்த, ஆயிரக்கணக்கில் கோர்ஸ் ஃபீஸ் கட்ட முடிந்தவர்கள் உள்ளே வருவார்கள். ஜிம் ஃபீஸும் ஏறும்.

இதற்கும் ஏற்கெனவே வழி உண்டு. அனுபவத்தில் கற்றதை மதிப்பிட்டுச் சான்று தரும் முறை, 2015-ல் தொடங்கிய பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டத்திலேயே இருக்கிறது. முழு கோர்ஸையும் முதலிலிருந்து படிக்க வேண்டாம். தெரிந்ததைச் செய்துகாட்டி, குறைவதை மட்டும் கற்றுக்கொள்ளலாம். நம்ம மாஸ்டர்களுக்குப் பெரும்பாலும் குறைவது பயிற்சி முறை இல்லை. உடல்நலக் கேள்விகள், முதலுதவி, ஊசி பற்றிய நேரான பதில் — இந்த மூன்றும்தான்.

எங்கிருந்து தொடங்குவது? சென்னை மாநகராட்சியே நகரம் முழுக்க உடற்பயிற்சிக் கூடங்களை நடத்துகிறது. அங்கே யாருடைய அனுமதிக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி 1920-லிருந்து உடற்கல்வி ஆசிரியர்களைத் தயாரிக்கிறது, ஆக மதிப்பிடத் தெரிந்தவர்களுக்கும் ஊரில் பஞ்சமில்லை. தேர்வு தமிழில் இருக்கட்டும், காசிமேட்டிலேயே நடக்கட்டும், கட்டணத்தை அரசு ஏற்கட்டும்.

அதுவரை நீங்க ஜிம்மில் சேரும்போது மாஸ்டரின் ஆர்ம்ஸ் அளவைப் பார்க்காதீங்க. பணம் வாங்குவதற்கு முன் உங்க உடம்பைப் பற்றி அவர் என்ன கேட்கிறார் என்று பாருங்க. எதுவுமே கேட்கவில்லை என்றால் நீங்களே சொல்லிப் பாருங்க, அவர் முகம் எப்படி மாறுகிறது என்று தெரியும்.

கிழக்குக் கடற்கரையில் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மொத்தம் 61 நாள். காசிமேட்டு ஆட்கள் கரையில் இருக்கும் அந்த மாதங்களுக்கு முன்பே முதல் மதிப்பீட்டு முகாமை நடத்திவிடலாம். ஒரு கூடமும், சி.பி.ஆர். பொம்மையும், வெளியிலிருந்து வரும் ஒரு மதிப்பீட்டாளரும் போதும்.