தூக்குமேடையும் உயிர் தப்பிய குழந்தையும்

1830ஆம் ஆண்டு மே மாதத்தில், இங்கிலாந்தின் இருநூறுக்கும் மேற்பட்ட ஊர்களைச் சேர்ந்த வங்கி முதலாளிகள் ஒப்பமிட்ட மனு ஒன்று அந்நாட்டுப் பார்லிமெண்டின் முன் வைக்கப்பட்டது. கள்ளக் கையெழுத்திட்டுப் போலிப் பத்திரம் தயாரிப்போருக்கு அந்நாளில் விதிக்கப்பட்டிருந்த தண்டனை தூக்கு. அந்தக் குற்றத்தால் பொருளை இழந்து வந்தவர்கள் இந்த முதலாளிகளே. அப்படியிருந்தும், அந்தத் தூக்குத் தண்டனையை எடுத்துவிடுங்கள் என்றே அவர்கள் வேண்டிக்கொண்டார்கள். கருணை அவர்களுள் சிலருடைய நெஞ்சில் இருந்திருக்கலாம். மனுவில் அவர்கள் எழுதியது அனுபவத்தில் கண்ட காரணம். ஓர் உயிர் போய்விடுமே என்று அஞ்சி வழக்குத் தொடுக்க எவரும் முன்வருவதில்லை. தொடுத்தாலும் குற்றவாளி என்று சொல்ல ஜூரர்களின் மனம் ஒப்புவதில்லை. ஆகவே எந்தச் சொத்தைக் காப்பதற்கென்று தூக்குமரம் நாட்டப்பட்டதோ, அந்தச் சொத்துக்கு இருந்த காவலை அந்தத் தூக்குமரமே பறித்துவிட்டது.

அவர்கள் சொன்னது மிகையன்று. அந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் இருநூறுக்கும் மேற்பட்ட குற்றங்களுக்கு மரணமே தண்டனை. குடியிருக்கும் வீட்டில் 40 ஷில்லிங் மதிப்புள்ள பொருளைத் திருடியவனைத் தூக்கிலிடலாம் என்று சட்டம் இருந்த காலத்தில், ஜூரர்கள் கண்ணெதிரே கிடந்த பொருள் எவ்வளவு உயர்ந்ததாயினும் அதன் மதிப்பு 39 ஷில்லிங் என்று சத்தியத்தின் பேரில் கூறி, திருடனின் உயிரைக் காப்பாற்றினார்கள். 1827இல் அந்த வரம்பு 5 பவுனாக உயர்த்தப்பட்டவுடன், ஜூரர்களின் மதிப்பீடும் 4 பவுன் 19 ஷில்லிங்காக உயர்ந்தது. ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டு கழிந்த பின், சிங்கப்பூரிலே இதே கதை வேறு தராசில் நடக்கிறது. 15 கிராமுக்கு மேல் ஹெராயின் கடத்தினால் மரணம் என்பது அங்குள்ள சட்டம். உயிரை வாங்க வேண்டாம் என்று அரசுத் தரப்பு கருதும் வழக்குகளில், குற்றப் பத்திரிகையில் காணப்படும் எடை 14.99 கிராம். அந்த நூறில் ஒரு பங்கு கிராமின் இப்பால் நிற்பவன் பிழைக்கிறான். அப்பால் நின்று சாங்கிச் சிறையில் தூக்குக் கயிற்றை ஏற்றவர்களுள் மலேசியாவிலிருந்து பொட்டலம் சுமந்து சென்ற ஏழைத் தமிழ் இளைஞர்களும் உண்டு என்பதை எண்ணும்போது மனம் பதைக்கிறது.

ஆனால் திருட்டையும் போதைப் பொருளையும் பற்றிப் பேசி முடித்துவிட்டால், இந்த விவாதத்தின் சுலபமான பகுதியை மட்டுமே கடந்தவர்களாவோம். கொலையல்லாத குற்றத்துக்கு மரண தண்டனை தகுமா என்று இன்று நம் நாட்டில் ஒருவர் கேட்டால், அவர் மனக்கண் முன் நிற்பது பலாத்காரத்துக்கு ஆளான பெண். அதிலும் சின்னஞ்சிறு குழந்தை. அந்த முகத்தை நேரே பார்த்துக்கொண்டு விடை சொல்ல இயலாதவர் விடை சொல்ல வேண்டியதில்லை.

அண்மைக் காலத்தில் இந்தத் தேசத்தை உலுக்கிய மூன்று கொடுமைகளை நினைத்துப் பாருங்கள். 2012 டிசம்பரில் டில்லியில் ஓடும் பஸ்ஸில் சிதைக்கப்பட்ட பெண் இரண்டு வாரத்துக்குள் உயிர் நீத்தாள்; 2018 ஜனவரியில் கத்துவாவில் எட்டு வயதுச் சிறுமி கொல்லப்பட்டாள்; 2024 ஆகஸ்டில் கல்கத்தாவில் பெண் மருத்துவர் ஒருவர் ஆஸ்பத்திரியிலேயே கொல்லப்பட்டார். மூன்றுமே கொலைகள். கொலைக்குத் தூக்கு நம் சட்டத்தில் ஏற்கெனவே இருந்தது. டில்லி வழக்கில் நால்வர் 2020 மார்ச்சில் திகார் சிறையில் தூக்கிலிடப்பட்டதும் கொலைக் குற்றத்தின் பேரிலேதான். ஆயினும் ஒவ்வொரு முறையும் ஜனங்களிடையே எழுந்த நியாயமான ஆவேசத்துக்கு விடையாகச் சட்டசபைகள் செய்தது என்ன? 2013இல், உயிர் போகாத சில சந்தர்ப்பங்களுக்கும் மரண தண்டனையை விரித்தார்கள். 2018இல் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட சிறுமியைக் கெடுத்தவனுக்கு அதை விதித்தார்கள். 2019இல், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காப்பதற்கான போக்சோ சட்டத்திலும் சேர்த்தார்கள். 2024இல் வங்காளச் சட்டசபை இன்னும் அப்பால் சென்று ஒரு மசோதாவை நிறைவேற்றியது. இறந்தவர்களுக்காக இயற்றப்பட்ட இந்தத் திருத்தங்கள் இறந்தவர்களின் வழக்கில் புதிதாகச் சேர்த்தது மிகக் குறைவு. அவற்றால் பெரிதும் மாறுவது, உயிர் தப்பி வீடு திரும்பிய பெண்ணின் வழக்கே. அந்த மாற்றம் அவளுக்கு நன்மையா என்பதே என் கேள்வி.

அவள் யாரைக் குறித்துச் சாட்சி சொல்ல வேண்டியிருக்கிறது? பதிவாகும் பலாத்கார வழக்குகளில் பத்துக்கு ஒன்பதுக்கு மேற்பட்டவற்றில், குற்றம் சாட்டப்பட்டவன் அவளுக்கு முன்பே தெரிந்தவன். சித்தப்பன், மாமன், அண்டை வீட்டுக்காரன், பாடம் சொல்லிக் கொடுப்பவன், சில சமயம் பெற்ற தகப்பனே. அத்தகைய குடும்பத்திலே தாய் ஒருத்தி குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு மகளிர் காவல் நிலையத்தின் படியேறுவதே பெரிய காரியம். ஏறப்போகும் தறுவாயில், "உன் வாய் வார்த்தையால் அவன் கழுத்துக்குக் கயிறு வரும், அந்தப் பழியை இந்தப் பிஞ்சு சுமக்குமா?" என்று மாமியாரும் நாத்தனாரும் மறித்து நின்றால், எத்தனை தாய்மார் திரும்பிப் போகாமல் இருப்பார்கள்? வங்கி முதலாளிகள் தங்கள் பொருளைக் குறித்து அஞ்சிய அதே காரியம், இங்கே குழந்தையின் மானத்தையும் உடலையும் குறித்து நிகழ்கிறது.

இதைவிடக் கொடிய விளைவு ஒன்று உண்டு. கொள்ளைக்கும் கொலைக்கும் ஒரே தண்டனை விதிக்கும் நாட்டில் கொள்ளைக்காரன் கொலையும் செய்துவிடுவான் என்று மாந்தெஸ்கியூ என்னும் பிரெஞ்சு அறிஞர் 1748லேயே எச்சரித்தார். குற்றவாளி தண்டனையைக் கணக்கிட்டா குற்றம் செய்கிறான் என்று கேட்பவர் உளர். வெறி கொண்ட வேளையில் அவன் கணக்கிடுவதில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வெறி தணிந்தபின், எதிரே தன்னை அடையாளம் காட்டக்கூடிய ஒரே சாட்சியாக அந்தக் குழந்தை அழுதுகொண்டு நிற்கும் அந்தக் கணத்தில் அவன் கணக்கிடுகிறான். அந்தக் கணத்தில் அவளை உயிரோடு விடுவதற்குச் சட்டம் அவனுக்கு ஒரே ஒரு காரணமேனும் மிச்சம் வைத்திருக்க வேண்டும். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2008இல், குழந்தையைக் கெடுத்த குற்றத்துக்கு, உயிர்ச்சேதம் இல்லாதபோது, மரண தண்டனை கூடாது என்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பளித்தபோதும், இந்த இரண்டு அச்சங்களையும் எடுத்துரைத்தது.

நம் மரபு வேறு கூறுகிறதே என்பார் சிலர். கொடியவரை வேந்தன் களைவது பயிருக்குக் களையெடுப்பது போன்றது என்னும் குறளுக்கு உரை கண்ட பரிமேலழகர், அக்கொடியவர் வரிசையில் கொலைஞரோடு கள்வரையும் வழிப்பறிக்காரரையும் பிறன்மனை நாடுவோரையும் சேர்த்திருப்பது உண்மை. அவருடைய புலமைக்குத் தலைவணங்கும் நான், இந்த வரிசையை ஏற்க இயலாதவன். இதே எண்ணம்தான் மதுரையில் கோவலனைக் கொன்றது. கள்வனைக் கொல்வது கொடுங்கோலாகாது என்று பாண்டியன் வாதிட்டான். கண்ணகி கணவன் கள்வனல்லன் என்று நிறுவினாள். ஒரு காற்சிலம்புக்கு ஓர் உயிர் ஈடாகுமா என்ற கேள்வியை அந்த அவையில் ஒருவரும் எழுப்பவில்லை.

பலாத்காரம் சாவிலும் கொடியது, ஆகவே சாவே தக்க கூலி என்ற வாதத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. அதைச் சொல்வோரின் நெஞ்சில் எரிவது நல்ல நெருப்பு. ஆனால் அந்த வாக்கியத்தை உயிரோடிருக்கும் பெண்ணின் காதில் விழும்படி சொல்லிப் பாருங்கள். உன்னிடமிருந்து பறிக்கப்பட்டது உயிருக்குச் சமமானது. ஆகவே நீ செத்தவளுக்குச் சமானம் என்றல்லவா அது அவளிடம் கூறுகிறது? மானத்தைப் பெண்ணின் உடம்பிலே கட்டிவைத்து, அது போனால் அவளும் போனாள் என்று நெடுங்காலமாகப் பாடிவந்த சமூகத்தின் குரல் அது. அவள் படிப்பாள், வேலைக்குப் போவாள், சிரிப்பாள். அவளுக்கு இழைக்கப்பட்டது மகா பாதகம், எனினும் அவள் வாழ்வு முடிந்துவிடவில்லை. 2013 ஜனவரியில் டில்லிக் கொடுமையை அடுத்துச் சட்டத் திருத்தங்களை ஆராய அமைக்கப்பட்ட நீதியரசர் வர்மா தலைமையிலான குழு பலாத்காரத்துக்கு மரண தண்டனையைச் சிபாரிசு செய்ய மறுத்தபோது, பெண்கள் அமைப்புகள் பலவும் அதே அபிப்பிராயத்தை அதன்முன் வைத்திருந்தன. ஒரு மாத காலத்தில் எழுதப்பட்ட அந்த அறிக்கையின் மை காய்வதற்குள், அவசரச் சட்டம் வேறு வழியில் சென்றுவிட்டது.

மரண தண்டனை விதிக்கப்பட்ட வழக்கு விசாரணை நீதிமன்றத்தோடு நிற்பதில்லை. உயர்நீதிமன்றம் அதை உறுதிசெய்ய வேண்டும். பின் உச்ச நீதிமன்றம். அதன்பின் கருணை மனு. எட்டு வயதில் நடந்ததை மறக்க முயலும் பெண்ணுக்குப் பதினெட்டு வயதிலும் பத்திரிகைகள் அதை நினைவூட்டிக்கொண்டிருக்கும். இதே போக்சோ சட்டத்தின் 35ஆம் பிரிவு, குழந்தையின் சாட்சியத்தை முப்பது நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும், விசாரணையைக் கூடியவரை ஓராண்டுக்குள் முடிக்க வேண்டும் என்று 2012 முதலே சொல்லிக்கொண்டிருக்கிறது. அதை நிறைவேற்ற எந்தத் திருத்த மசோதாவும் வேண்டியதில்லை. போதிய நீதிபதிகளும், தடய அறிவியல் கூடங்களில் போதிய ஆட்களும், சாட்சிக் கூண்டில் நடுங்கும் குழந்தையின் அருகே உட்கார ஒருவரும் வேண்டும்.