ஓட்டோக் கொட்டிலுக்குள் வெள்ளம்: வாசலோடு முடியாத பொறுப்பு

மாரி தொடங்கினால் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்த குடும்பங்களின் எண்ணிக்கை செய்திகளில் வந்துவிடும். வீட்டோடு ஒட்டிய கொட்டிலுக்குள் புகுந்த வெள்ளத்தைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. ஆனால், கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் மீள்குடியேறிய பல குடும்பங்களின் உழைப்பு அந்தக் கொட்டிலுக்குள்தான் நிற்கிறது. லீசிங்கில் எடுத்த ஓட்டோ, லாண்ட்மாஸ்டர், நீரிறைக்கும் இயந்திரம், உரமூடை, விதைநெல் எல்லாம் அங்கேதான். வீட்டுக்குள் வந்த தண்ணீர் வடிந்தால் கழுவித் துடைத்துவிடலாம். இயந்திரத்துக்குள் போன தண்ணீர் அந்த மாதத்து வருமானத்தையும் கொண்டுபோய்விடும்.

கொட்டில் ஏன் முதலில் மூழ்குகிறது? போருக்குப் பின்னர் இந்திய வீட்டுத்திட்டத்தின் கீழ் வடக்கு கிழக்கில் 46,000 வீடுகள் திட்டமிடப்பட்டன. புதிய வீடு ஒன்றுக்கு 550,000 ரூபாய் வழங்கப்பட்டது. ஏறத்தாழ 550 சதுர அடி வீட்டைப் பயனாளியே கட்டி முடிக்க வேண்டும். அந்தக் கணக்குக்குள் வாகனம் விட இடம் இருக்கவில்லை. கொட்டில், கையில் காசு வந்தபோது தகரத்தாலும் கம்புகளாலும் பின்னர் சேர்த்துக்கொண்டது. வீட்டை அத்திவாரம் போட்டு உயர்த்தலாம். கொட்டிலை அப்படி உயர்த்தினால் வண்டி ஏறாது. ஆகவே அது வளவின் மட்டத்திலேயே, வீதியைப் பார்த்துத் திறந்தபடி கிடக்கிறது.

இதற்கிடையில் வீதி உயர்ந்துவிட்டது. கிறவல் வீதி கொங்கிறீற் வீதியாகவோ காப்பெற் வீதியாகவோ மாறும்போது அதன் மட்டம் உயர்கிறது. பக்கவாட்டில் வாய்க்கால் வெட்டாமலும், போதிய மதகு வைக்காமலும் வீதி போட்டால், முன்பு வளவிலிருந்து வீதிக்கு ஓடிய மழைநீர் இப்போது வீதியிலிருந்து வளவுக்கு ஓடும். அபிவிருத்தி என்று திறந்துவைக்கப்பட்ட வீதியே சில வளவுகளுக்கு அணையாகிவிட்டது.

வன்னியில் இதற்குப் போரின் கணக்கும் உண்டு. 2008 நவம்பரில் நிஷா புயல் வந்தபோது மக்கள் இடம்பெயர்ந்து தறப்பாள்களுக்குக் கீழே இருந்தார்கள். அவர்கள் ஊர் திரும்பியபோது வாய்க்கால்கள் பற்றையாகியும் தூர்ந்தும் கிடந்தன. போர்க்கால மண் அணைகள் தண்ணீரின் வழிகளைக் குறுக்கறுத்திருந்தன. எந்த வாய்க்கால் எந்தக் குளத்துக்குப் போனது என்று அறிந்த முதியவர்கள் பலர் திரும்பி வரவேயில்லை. அவர்களோடு அந்த அறிவும் போய்விட்டது.

வீட்டளவில் செய்யக்கூடியவை இருக்கின்றன. கொட்டிலின் தரையை உட்புறம் உயர்த்தி, வாசலை நோக்கிச் சரிவாகச் சீமெந்து போடலாம். வாசலில் வண்டி ஏறி இறங்கக்கூடிய உயரத்தில் ஒரு திட்டு வைக்கலாம். அதற்கு வெளியே குறுக்காகச் சிறு வாய்க்கால் வெட்டி, இரும்புக் கிராதி போட்டு, வளவின் தாழ்ந்த பக்கத்துக்குத் தண்ணீரைக் கொண்டுபோகலாம். கதவு இருந்தால் அதன் அடியில் றப்பர் பட்டி பொருத்தலாம். கூரைத் தண்ணீர் வாசலில் விழாதபடி பீலி போட வேண்டும். பிளக் பொயின்றுகளை உயரத்துக்கு மாற்றுவதும் மூடைகளைக் கல் அடுக்கிப் பலகையில் வைப்பதும் பெரிய செலவில்லை. எச்சரிக்கை வந்தவுடன் வண்டியை மேட்டில் நிறுத்த வேண்டும். தண்ணீர் புகுந்த இயந்திரத்தைக் காயவைத்துப் பரிசோதிக்காமல் இயக்கக்கூடாது. மூன்றாம் தரப்புக் காப்புறுதி சொந்த வண்டியின் சேதத்துக்குப் பணம் தராது. முழுக் காப்புறுதி எடுத்தவர்களும் அதில் வெள்ளம் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று மாரிக்கு முன்னரே பார்க்க வேண்டும்.

ஆனால், இந்த வழிகளுக்கு ஓர் எல்லை இருக்கிறது. வசதியுள்ளவர் பத்து லோட் கிறவல் பறித்துத் தன் வளவை உயர்த்தினால் தண்ணீர் மறைந்துவிடாது. அது பக்கத்து வளவுக்குப் போகும். அங்கே இருப்பவர் கிறவலுக்குக் காசில்லாதவராக இருக்கலாம். இப்படி ஒவ்வொருவரும் தத்தமது வாசலை மட்டும் காத்தால், கடைசியில் முழு வெள்ளமும் ஊரின் ஏழை வளவில் நிற்கும்.

ஊருக்கான வடிகாலைக் கேட்பது இலேசான காரியம் அல்ல. பிரதான வீதி, வீதி அபிவிருத்தி அதிகார சபையுடையது. அடுத்த தர வீதி மாகாணத் திணைக்களத்துடையது. உள் வீதி பிரதேச சபையுடையது. சிறிய குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ் இருக்கின்றன. இரணைமடு மாகாண நீர்ப்பாசனத் திணைக்களத்தின் கீழ். ஒரு கொட்டிலுக்குள் வரும் தண்ணீர் இத்தனை அலுவலகங்களின் எல்லைகளைக் கடந்து வருகிறது. முறைப்பாடு மட்டும் ஓர் அலுவலகத்திலிருந்து இன்னொன்றுக்கு அலைகிறது.

2018 ஒக்டோபரில் வட மாகாண சபையின் பதவிக்காலம் முடிந்தது. அந்த டிசம்பரில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் மூழ்கின. இரணைமடுவின் வான்கதவுகள் உரிய நேரத்தில் திறக்கப்பட்டனவா என்ற கேள்வி எழுந்தபோது, மக்கள் தெரிவுசெய்த மாகாண அமைச்சர் ஒருவர்கூடப் பதவியில் இருக்கவில்லை. 2025 நவம்பரில் டித்வா புயல் இலங்கையைத் தாக்கி 600-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனபோதும் மாகாண சபை இல்லை. வெள்ளம் புகுந்த வீட்டைச் சுத்தம் செய்ய 25,000 ரூபாய் அறிவிக்கப்பட்டது. அந்த உதவி தேவையானது. ஆனால் அது வந்த தண்ணீருக்கான பணம். அடுத்த மாரியில் வரப்போகும் தண்ணீரை அது தடுக்காது.

2025 மே மாதத் தேர்தலோடு பிரதேச சபைகளில் மீண்டும் உறுப்பினர்கள் அமர்ந்திருக்கிறார்கள். வட்டார உறுப்பினரிடம் கேட்கக்கூடிய கேள்விகள் எளிமையானவை. மாரிக்கு முன்னர் எந்தெந்த மதகுகள் துப்புரவாக்கப்படும்? புதிய வீதிக்கான மதிப்பீட்டில் வடிகாலுக்கு எவ்வளவு ஒதுக்கப்பட்டிருக்கிறது? ஊரின் தண்ணீர் வழிகளை, இன்னும் நினைவில் வைத்திருப்பவர்களோடு நடந்து பார்த்து வரைபடமாக்க சபை தயாரா? இந்தக் கேள்விகளை ஒவ்வொரு வளவுக்காரரும் தனித்தனியாகக் கேட்டால் மறுமொழி வராது. கிராம அபிவிருத்திச் சங்கமும் கமக்காரர் அமைப்பும் சேர்ந்து, எழுத்தில், கோடையிலேயே கேட்க வேண்டும்.